குழுவினர் அறிமுகம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் எப்போது கூப்பிட்டாலும் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

பல் கட்டும் தொழில் சுமார். ஊரில் பல் விழாதவர்கள் குறைவு. விழுந்த பிறகு கட்டிக்கொள்கிறவர்கள் அதைவிடக் குறைவு. பின் அறைதான் இன்னமும் பட்டறை. மேசை நிறையச் சிரிப்புகள் காய்ந்துகொண்டிருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் குடியிருக்கும் கண்டக்டரம்மாவை அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறேன். கெட்டவர் இல்லை. ஆனால் பஸ்ஸில் பேசும் அதே குரலில்தான் வீட்டிலும் பேசுகிறார். அவருடைய அப்பாவுக்குக் காது கேட்காது. எனவே டிவி எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓடுகிறது. உன் மருமகளுக்கு இது பரீட்சை வருடம். "அப்பா, நியூஸ் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, கெமிஸ்ட்ரிதான் இன்னும் ஆகல" என்கிறாள். வங்கி மேலாளர் ஒருவர் மாடியைக் கேட்கிறார். கணவன் மனைவி இருவர் மட்டும். மனைவி சத்தமே போடமாட்டார் என்று அவரே உறுதி சொன்னார்.

அப்பா வீட்டை நம் இருவர் பெயருக்கும் எழுதிவிட்டுப் போனதால் நோட்டீஸில் உன் கையெழுத்தும் வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் போட்டு அனுப்பு.

இன்னொன்று. "அத்தைக்கு என்ன வேலை?" என்று உன் மருமகள் கேட்டாள். "வீடு சம்பந்தமா" என்றேன். "புரோக்கரா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. விளக்கமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 28

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உன் மனைவிக்குத் தலைவலி தேவலையா?

மருமகளிடம் சொல்: அத்தை புரோக்கர் இல்லை. புரோக்கருக்கு வீடுகளைத் தெரியும். நாங்கள் வீட்டு வசதிக் கொள்கைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு. அதாவது, வீடு இல்லாதவர்களுக்காக அரசாங்கத்திடம் பேசுகிறோம். வீடு இல்லாதவர்களிடம் பேசுவதற்கு வேறோர் அமைப்பு இருக்கிறது. அவர்களுக்கு எங்களைக் கண்டால் ஆகாது. இதில் நான் குழுவினர் அறிமுகப் பொறுப்பாளர். யார் வேலைக்குச் சேர்ந்தாலும், அவர் முன்பு செய்த தொழிலை இப்போது செய்யும் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கும்படி எழுதித் தருவேன். ஆண்டறிக்கையில் போட்டோவுக்குக் கீழே ஆறு வரி வருமே, அந்த ஆறு வரி நான்.

கையெழுத்துப் போடமாட்டேன். நோட்டீஸைத் திருப்பி அனுப்புகிறேன். புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டேன்.

போன வருடம் வந்த வாடகைச் சட்டத்துக்காக நாங்கள் நாயாய் அலைந்தோம். எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருப்பவரைக் காலம் முடியும்வரை யாரும் கிளப்ப முடியாது. எழுத்தில் இல்லாதவரை ஒரு மாத அவகாசத்தில் கிளப்பலாம். சட்டத்தின் சாரம் அவ்வளவுதான். ஆகவே கண்டக்டரம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடு. வாய்வார்த்தையை நம்பி யாரும் குடியிருக்கக் கூடாது. மாதிரி ஒப்பந்தமும் எங்கள் பிரசுரமும் வைத்திருக்கிறேன். டிவிக்கு ஹெட்போன் என்று ஒன்று கடையில் விற்கிறது.

இங்கே எல்லாம் பழையபடிதான். ஜன்னலைத் திறந்தால் எதிர் பேக்கரியின் புகைபோக்கி என் தலையணையை நேருக்கு நேர் பார்க்கிறது. பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறது. வீட்டுக்காரத் தாத்தா தங்கமான மனிதர். ஒருநாள்கூட முகம் கோணியதில்லை. அடுத்த வருடம் ஓய்வு பெறும்வரை இங்கேயே ஓட்டிவிடலாம்.

மருமகளை நேரத்துக்குத் தூங்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி போய்விட்டது. உன் கடிதத்தைப் படித்ததும் திரும்பி வந்தது. "உங்க அக்கா அங்க உக்காந்துக்கிட்டு நம்ம வீட்டுக்குச் சட்டம் போடுறாங்க" என்றாள்.

நீ சொன்னபடியே ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கண்டக்டரம்மா கிழிந்த நோட்டைத் திருப்பிப் பார்ப்பது போல முன்னும் பின்னும் பார்த்தார்.

"எதுக்கு சார் இது?"

"மூணு வருஷத்துக்கு உங்களை யாரும் கிளப்ப முடியாது."

"இப்ப யாரு கிளப்புனா?"

"யாரும் கிளப்பல."

"அப்புறம் எதுக்குப் பேப்பர்?"

"கிளப்பாம இருக்கத்தான்."

"எனக்கு ஏதாவது பெரிய சீக்குன்னு யாரும் சொன்னாங்களா சார்? மறைக்காம சொல்லுங்க" என்றார். பிரசுரத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தார். "கேக்காமலே டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே அவர் அப்பா, "என்னவாம்? என்னவாம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

வங்கி மேலாளர் எதிர்வீட்டுக்குக் குடிவந்துவிட்டார். மனைவி உண்மையிலேயே சத்தம் போடுவதில்லை. அவர்தான் போடுகிறார்.

ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறேன். உன் கையெழுத்தையாவது இதில் போடு.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

போட்டு அனுப்புகிறேன். நல்ல காரியம் செய்தாய். மருமகளின் பரீட்சை முடிந்ததா?

பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை. எங்களுக்கு நிதி தரும் அறக்கட்டளை, ஊழியர்களின் தொழில் பின்னணியை முழுதாகக் கேட்டிருக்கிறது. எல்லோரையும் புதிதாக எழுத வேண்டும். உன் மனைவி படித்தால் தலைவலி போகும். அவளுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநர் ஓட்டல் மேலாளராக இருந்தவர். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டி விருந்தினரைக் காலி செய்யச் சொல்வதில் கைதேர்ந்தவர். "தற்காலிகத் தங்குமிட நிர்வாகத்தில் நீண்ட அனுபவம் உடையவர்" என்று எழுதினேன். வக்கீல் முன்பு வீட்டுக்காரர்கள் பக்கம் நின்று குடித்தனக்காரர்களைக் கிளப்பியவர்: "வாடகைச் சட்டத்தை இரு பக்கமிருந்தும் அறிந்தவர்." ஆய்வுப் பிரிவுத் தலைவர் கோழித் தீவனக் கம்பெனியில் கூண்டுக்கு எத்தனை கோழி என்று கணக்கெடுத்தவர்: "நெரிசல் மிகுந்த குடியிருப்புகளின் சமூக விளைவுகளை ஆராய்ந்தவர்." நிதி திரட்டுபவர் வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவர்: "வீட்டுக்கடன் பெற்ற குடும்பங்களை அவர்கள் வாசலிலேயே சந்தித்தவர்." கட்டடக் கலைஞர் இதுவரை கட்டியதெல்லாம் கார் நிறுத்துமிடங்கள். அவருக்கு இன்னும் வரி கிடைக்கவில்லை.

ஒன்றும் பொய் இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் அலுப்பு. பொய் என்றால் கொஞ்சம் சுவாரசியமாவது இருக்கும்.

வீட்டுக்காரத் தாத்தா இம்மாதம் முதல் வாரத்தில் தவறிவிட்டார். தூக்கத்திலேயே. வெளியூரிலிருந்து மகன் வந்திருக்கிறார். மரியாதையான பையன். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தாத்தா போன செய்தி கேட்டு வருத்தமாக இருந்தது. நீ அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு அப்பா நினைப்பு வரும்.

உன் மருமகள் பரீட்சை எழுதிவிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டால், "ஆறு வரியில சொல்லணும்னா அத்தைகிட்டதான் கேக்கணும்" என்கிறாள். கோழிக்காரரைப் பற்றிப் படித்து என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்தால் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி, ரொம்ப நாளாயிற்று. என்னை எப்படி எழுதுவாய் என்று கேட்கச் சொன்னாள்.

கண்டக்டரம்மா அப்பாவுக்கு ஹெட்போன் வாங்கிவிட்டார். இப்போது டிவி சத்தம் இல்லை. அவர் டிவியோடு பேசும் சத்தம் மட்டும்தான்.

அந்த மகன் அறையைச் சுற்றிப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டு என்ன சொன்னார்?

தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். இது மூன்றாவது. மருமகள் பரீட்சையை நல்லபடியாக முடித்தது பற்றி ரொம்ப சந்தோஷம். உன் மனைவியிடம் சொல்: நீ "பொதுமக்களின் வாய்ப்பேச்சை மீட்டெடுப்பவர்."

அறக்கட்டளை இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறது. ஊழியர்களில் வீட்டுச் சிக்கலை நேரடியாக அனுபவித்தவர் யார்? ஒருவராவது இருந்தால் அடுத்த ஆண்டு நிதிக்கு நல்லது. இயக்குநர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்தார்.

"நம்மள்ல யாருக்காவது வீட்டுப் பிரச்சினை இருக்கா? கூச்சப்படாம சொல்லுங்க."

"எங்க வீட்ல மழை வந்தா ஒழுகுது சார்" என்றார் கட்டடக் கலைஞர்.

"வாடகை வீடா?"

"சொந்த வீடுதான். மூணு மாடி. மேல் மாடிதான் ஒழுகுது."

"நான் காலேஜ்ல படிக்கும்போது ஹாஸ்டல்ல இருந்தேன்" என்றார் வக்கீல்.

"ஹாஸ்டல் எடுபடாதுங்க." இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "மேடம், உங்களுக்கு?"

"இல்லை" என்றேன்.

"யோசிக்கவே இல்லையே நீங்க."

"யோசிச்சா வந்துடுமா சார்?"

அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் போட்டோவை வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டுவதாகத் திட்டம். கிடைக்கவில்லை.

அலுவலகத்துக்கு ஒரு பெண்மணியின் விவகாரம் வந்தது. ஓய்வு பெறும் வயது. பன்னிரண்டு வருடம் ஒரே வீடு. வீட்டுக்காரர் நல்லவர், அவரிடம் போய் எழுத்தில் கேட்பதா என்று விட்டுவிட்டார். அவர் போன பிறகு வாரிசு வந்து மரியாதையாக ஒரு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார். வக்கீலிடம் விசாரித்தேன். "ஒண்ணும் பண்ண முடியாது மேடம். நம்ம சட்டம்தானே? படிச்சவங்களா அவங்க? படிச்சவங்கதான் இப்படி எழுதாம விடுவாங்க" என்றார். இந்த ஊரில் இன்று கேட்கிற வாடகைக்கு அந்தப் பெண்மணியால் வேறு இடம் பிடிக்க முடியாது.

கண்டக்டரம்மா எப்படி இருக்கிறார்? அவர்கள் வேலையில் ஊர் மாற்றல் எல்லாம் உண்டா? சும்மா கேட்டேன். ஓய்வை ஒரு வருடம் முன்னாடியே வாங்கிக்கொண்டு நம் ஊர்ப்பக்கம் வந்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை. யோசனைதான்.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சளி. உனக்கு வராமல் இருக்க வேண்டும்.

கண்டக்டரம்மாவுக்கு மாற்றல் கிடையாதாம். அவரே கேட்டு வாங்கினால்தான் உண்டாம். அவர் எதற்குக் கேட்கிறார்? மூன்று வருடம் நிச்சயம் என்றதும் மாடிச் சுவருக்குச் சொந்தச் செலவில் பச்சை வண்ணம் அடித்துவிட்டார். "இனிமே இது நம்ம வீடு மாதிரிதானே சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

நீ வருவதாக இருந்தால் சொல். என் மனைவி உடனே கூடத்தை அளந்து பார்த்தாள். பட்டறை, எங்கள் அறை, பெண்ணின் அறை போக ஒரு கட்டில் போடலாம். போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. பக்கவாட்டில் திரும்பி வந்துகொள்ளலாம். அது பெரிய விஷயமில்லை.

உன் அலுவலகத்துக்கு வந்த பெண்மணியைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு உறவுக்காரர்கள் யாரும் இல்லையா? அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரியும் என்று கேட்டுச் சொல்.

தம்பி


ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

சளி எல்லோருக்கும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கஷாயத்தைவிட ஓய்வு நல்லது.

உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ரொம்ப நல்லவர்கள். அவர்கள் வீட்டுக் கதவு முழுதாகத் திறக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஜன்னலைப் பற்றியும் கேட்டேன். இப்போது ஜன்னல் இல்லை என்றார்.

கட்டடக் கலைஞருக்குக் கடைசியில் வரி கிடைத்துவிட்டது. ஒரு மனிதருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்வையாளர்களுக்குக் காட்ட, அலுவலகக் கீழ்த்தளத்தில் அவர் ஒரு மாதிரி அறை செய்திருக்கிறார். கட்டில், மேசை, ஒரு நாற்காலி, சின்ன அலமாரி. கச்சிதமான வேலை. மெத்தை கொஞ்சம் கடினம். முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று சொல்கிறார்கள். சுவரில் ஜன்னலை வரைந்து, அதற்கு வெளியே ஒரு மரத்தையும் வரைந்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்குப் பார்வையாளர்கள் வருவார்கள். அதற்குள் போர்வையை மடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லாத அறை.

என்னுடைய ஆறு வரியையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். நாற்காலி, சோபா விற்கும் கடைக்கு விலைப்பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவள் நான். "இல்லம் சார்ந்த எழுத்தில் தேர்ந்தவர்" என்று முடித்துவிட்டேன். "எங்க குடியிருக்கீங்கன்னு ஒரு வரி சேருங்க மேடம், நெருக்கமா இருக்கும்" என்றார் இயக்குநர். "பணியிடத்துக்கு அருகில் வசிப்பவர்" என்று சேர்த்தேன்.

இனி அலுவலக விலாசத்துக்கே எழுது. வீட்டு விலாசத்துக்கு வருவது தாமதமாகிறது.

அக்கா


ஜூலை 7

அக்கா,

உன் தம்பி பல் கட்டுகிறவன். வாயைத் திறக்காதவர்களின் வாயில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. போர்வையை மடித்துவிட வேண்டுமாமே.

கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி "உங்க அக்காவைத் திட்டுனதுக்கு என்னை அடிங்க" என்றாள். கூடத்தில் கட்டிலைப் போட்டே விட்டாள். இரண்டு நாளாக நாங்கள் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். வந்தாலும் மூன்றாம் நாள் ஏதாவது சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உனக்கென்று கதவு வைத்த ஓர் இடம் வேண்டும். அது மாடியில்தான் இருக்கிறது. அதில் பாதி உன்னுடையது.

ஆகவே மாடிக்குப் போனேன். என்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒப்பந்தத்தை ரத்து செய்ய மூன்று பேர் கையெழுத்தும் வேண்டுமாம். உங்கள் பிரசுரம்தான் சொல்கிறது. காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். கண்டக்டரம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நீயும் போடு அக்கா. ஒரே ஒரு தடவை உன் அமைப்பை மறந்துவிட்டுப் போடு.

உன் தம்பி


ஜூலை 15

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். நான் உங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் கண்டக்டர். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

போன வாரம் உங்கள் தம்பி மேலே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உங்களைப் போகச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. ஆனா போயிடுங்க" என்றார். நான் சண்டைக்குத் தயாராக வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழுதுவிட்டார். எங்கள் அப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "யாரு செத்தா?" என்று கேட்டார். பிறகுதான் உங்கள் தம்பி உங்கள் விஷயத்தைச் சொன்னார்.

அம்மா, என் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரை நான் எழுப்ப மாட்டேன். யார் சொன்னாலும் எழுப்ப மாட்டேன். ஆனால் முடியாதவர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லாமலே சிலர் எழுந்திருப்பார்கள். நான் எந்த மாதிரி ஆள் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். எனக்கும் வேறு இடம் இல்லை. அப்பாவை வைத்துக்கொண்டு யாரும் வீடு தரமாட்டார்கள். இந்த வீட்டுக்கு முன் ஒன்பது வீட்டில் கேட்டதற்கு இல்லை என்று சொன்னார்கள்.

பிரசுரத்தில், சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கலாம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் அவருடைய அக்கா என்று தெரியும். ஆனால் அதில் வேறு விலாசம் இல்லை. இரண்டு கேள்வி கேட்கிறேன். முதலாவது, நான் காலி செய்ய வேண்டுமா? இரண்டாவது, நீங்கள் இப்போது எங்கே தூங்குகிறீர்கள்?

முன் அறையில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அப்பா சத்தம்தான்.

இப்படிக்குப் பணிவுடன்,
மாடிக் குடித்தனக்காரி


ஆகஸ்ட் 1

பொருள்: குடியிருப்பு உரிமை தொடர்பான விளக்கம்
பார்வை: தங்கள் ஜூலை 15 தேதியிட்ட கடிதம்

அம்மையீர்,

வணக்கம். தாங்களும் தங்கள் தந்தையாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் கடிதத்துக்கு நன்றி. எங்கள் வக்கீல் விடுப்பில் இருப்பதால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது.

தங்கள் முதல் கேள்விக்கு: வேண்டாம். தங்களிடம் எழுத்து வடிவில் ஒப்பந்தம் உள்ளது. அதன் காலம் முடியும்வரை தாங்கள் அங்கேயே இருக்கலாம். அதை ரத்து செய்ய உரிமையாளர்கள் இருவரும் தாங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமையாளர்களில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுக் கையெழுத்திட்டிருப்பதாக அறிகிறோம். மற்றவர் கையெழுத்திடப் போவதில்லை. ஆகவே தாங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடத் தேவையில்லை.

எந்த வகையான ஆள் என்று யோசிக்கும் கடமை சட்டப்படி தங்களுக்கு இல்லை. தங்கள் முன் அறையின் மூலையும் தங்களுடையதே. அதை விட்டுத்தரும்படி கேட்க எவருக்கும் உரிமையில்லை. மாடிச் சுவருக்குத் தாங்கள் பச்சை வண்ணம் அடித்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பராமரிப்பு நன்று.

யாராவது மீண்டும் வற்புறுத்தினால் எங்களுக்கு எழுதவும். அவர் அழுதாலும் எழுதவும்.

தங்கள் இரண்டாவது கேள்வி எங்கள் அமைப்பின் பணி வரம்புக்குள் வரவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
குழுவினர் அறிமுகப் பொறுப்பாளர்